கண்ணாடிக் கதவைத் தள்ளித் திற!

லண்டனில் ஒருவர் புது ஷூ மாட்டிக்கொண்டு அலுவலகம் போகிறார். மிலானில் ஒரு பெண் தோல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு விருந்துக்குக் கிளம்புகிறாள். அந்த ஷூவின் மேல்பாகமான அப்பரை வெட்டியது யார்? அந்தப் பையின் ஓரத்தை மடித்துத் தைத்தது யார்? நூல் பிசிறை நறுக்கி, பசைக் கறையைத் துடைத்து, செக்கிங் மேஜையில் வைத்து "சரி" என்று தள்ளிவிட்டது யார்? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் நீளும் இந்தத் தோல் பூமியின் உழைப்பாளிகள். அவர்களில் பெரும்பகுதி பெண்கள். இருட்டோடு எழுந்து, சோறு வடித்து, டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்கிற தங்கைகள்.

வேலூரை அடுத்த கணியம்பாடியிலிருந்து சென்னைக்குப் போகிற தங்கச்சி, தம்பி, உங்களிடம்தான் பேசுகிறேன். உலகத்தின் கால்களுக்கு அழகு தைத்து அனுப்புகிற மண்ணில் பிறந்த நீ, தி.நகரில் ஒரு பெரிய கடையின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஏன் தோளைக் குறுக்குகிறாய்? விலை கேட்டால் சிரிப்பார்களோ என்று ஏன் நடுங்குகிறாய்? நல்ல ஓட்டலின் வாசலைப் பார்த்ததும் "இதெல்லாம் நமக்கில்லை" என்று ஏன் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போகிறாய்?

அந்த வார்த்தையை இன்றோடு விடு. நல்ல உடை உனக்கும்தான். அழகு உனக்கும்தான். ருசியான சாப்பாடு உனக்கும்தான். அதற்குப் பெட்டி நிறையப் பணம் வேண்டாம். கடனும் வேண்டாம். வேண்டியது இரண்டே இரண்டு: பொருளை எடைபோடும் அறிவு, நிமிர்ந்து நுழையும் துணிவு. முதலாவது உன் கையில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவதை இன்றே எடுத்துக்கொள்.

அழகு கேட்பது ஆடம்பரம் இல்லை

"ஏழைக்கு எதுக்கு சிங்காரம்?" என்று யாராவது கேட்டால் வாய்மூடி நிற்காதே. இந்த நாட்டில் உடை எப்போதும் மானத்தின் பெயராகத்தான் இருந்திருக்கிறது. நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வேலூர்க் கோட்டையையே கேள். 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கினார்கள். காரணங்கள் பல. முன்னால் நின்ற காரணம் உடை. தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு, நெற்றிக்குறியை அழி, காதணியைக் கழற்று என்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசு உத்தரவு போட்டது. எங்கள் உடம்பில் எதை அணிவது என்பதை நீ சொல்லாதே என்று பொங்கி எழுந்தார்கள். ஆங்கிலேயர் கலகத்தை ரத்தத்தில் அடக்கினார்கள். ஆனால் அந்த உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். ஆதிக்க சாதியினர் சட்டையைக் கிழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள், அந்தப் பெண்கள் விடவில்லை. 1859-ல் மன்னர் அந்த உரிமையை ஒப்புக்கொண்டு அறிவிப்பு வெளியிட வேண்டி வந்தது. 1927-ல் மகாராஷ்டிரத்து மகாட் ஊரில் அண்ணல் அம்பேத்கர் பெண்களைத் தனியாக அமர்த்திப் பேசினார். நம்மைத் தாழ்ந்தவர் என்று அடையாளம் காட்டுகிற உடையையும் கனத்த நகைகளையும் விடுங்கள், சுத்தமாக, முழுமையாகப் புடவை உடுத்துங்கள் என்றார். கூட்டம் முடிந்ததும் பெண்கள் புடவைக்கட்டையே மாற்றினார்கள். கோட்டும் சூட்டுமாக அவர் நடந்த நடையும் போராட்டத்தின் பகுதிதான்.

இன்னொன்றையும் மறக்காதே. தோலைத் தொட்டுப் பதப்படுத்திச் செருப்புத் தைத்தவர்களையே, செருப்புப் போட்டு ஊர்த் தெருவில் நடக்கக் கூடாது என்று தடுத்த நாடு இது. உன் தாத்தன் கையில் தூக்கிக்கொண்டு நடந்த செருப்பை நீ காலில் போட்டு நடக்கிறாய் என்றால், அது நாலு தலைமுறையின் வெற்றி. ஆகவே நீ நல்ல செருப்புப் போடு. இஸ்திரி போட்ட சட்டை போடு. தலைநிறையப் பூ வை. அது வீண் செலவு இல்லை, வாங்கிய உரிமையைப் பயன்படுத்துவது.

ஃபேஷன் பிறந்ததே பற்றாக்குறையில்தான்

பணக்காரர்கள்தான் ஃபேஷனைக் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கிறாயா? சால்வத்தோரே ஃபெராகாமோ என்ற பெயரைக் கேட்டுக்கொள். ஷூ உலகம் கைகூப்புகிற பெயர். 1898-ல் இத்தாலியில் போனிட்டோ என்ற சின்ன ஊரில், பதினான்கு பிள்ளைகளில் பதினோராவதாகப் பிறந்தவர். சிறுவயதிலேயே செருப்புத் தைக்கும் சுத்தியலைப் பிடித்த கை. 1930-களின் நடுவில் எத்தியோப்பியப் போருக்காக இத்தாலிமீது பொருளாதாரத் தடை விழுந்தது. உயர்ந்த குதிகால் ஷூவின் வளைவைத் தாங்கும் எஃகுத் தகடு நல்லதாகக் கிடைக்கவில்லை. தரமான தோலும் கிடைக்கவில்லை. கடையை மூடினாரா? கார்க் கட்டையை அடுக்கிச் செதுக்கிப் பாதம் முழுவதையும் தாங்கும் அடியை உருவாக்கினார். நீ இன்று கம்பெனியில் "வெட்ஜ்" என்று சொல்கிறாயே, அந்த வெட்ஜ் அப்படித்தான் புகழ்பெற்றது. தோலுக்குப் பதில் ராஃபியா நாரைப் பின்னினார். மிட்டாய் சுற்றிவரும் செல்லோஃபேன் தாளை முறுக்கி அப்பராக்கினார். இல்லாமை அவரைக் கொல்லவில்லை, உலகத்துக்கு வழிகாட்டியாக்கியது.

கோகோ ஷனேல் தாயை இழந்து அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். ஊசி பிடிக்கக் கற்றதும் அங்கேதான். ஆண்களின் உள்ளாடைக்குப் போகிற மலிவான ஜெர்சி துணியை எடுத்துச் சீமாட்டிகளுக்கு உடை தைத்தார். 1926-ல் அவர் வரைந்த எளிய கறுப்பு உடை இன்றும் உலகத்தின் அலமாரிகளில் தொங்குகிறது. ஒட்டு மணியும் இல்லை, ஜரிகையும் இல்லை. வெட்டும் தையலும் மட்டும்.

கேட்டாயா? உலக ஃபேஷனின் இரண்டு சிகரங்களும் ஏழை வீட்டிலிருந்து எழுந்தவை. அங்கே பேசியது கை. பணம் பிறகு வந்தது. அந்தக் கை உனக்கும் இருக்கிறது.

உன் கை அறிந்ததை உன் கண் மறக்கலாமா?

சென்னையில் கார் நிறுத்தி இறங்கி ஷூ வாங்குகிற பலருக்கு விலைச்சீட்டு மட்டும்தான் தெரியும். உனக்குப் பொருள் தெரியும். கடைக்குள் போனதும் பெயர்ப்பலகையைப் பார்க்காதே, வெட்டிய ஓரத்தைப் பார். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணியின்மேல் படலம் ஒட்டியதுபோல் தெரிந்தால் ரெக்சின். ரெக்சினுக்குத் தோலின் விலை கேட்டால் வைத்துவிட்டு வா. லைனிங் சுருங்கியிருக்கிறதா, இரண்டு கால்களிலும் தையல் ஒரே இடத்தில் ஓடுகிறதா, அடிப்பாகம் வெறும் பசையில் நிற்கிறதா, தையலும் இருக்கிறதா என்று திருப்பிப் பார். ஆம்பூர் நெடுஞ்சாலைக் கடைகளில் ஏற்றுமதிக்குத் தைத்து மிச்சமான ஜோடிகள் கிடைக்கும்போது, அதே தரத்துக்கு நகரத்தில் பல மடங்கு கொடுக்க உனக்கு என்ன தலையெழுத்து? மூன்று மலிவுச் செருப்பை மாற்றி மாற்றி அறுத்துப்போடுவதைவிட ஒரு நல்ல ஜோடியை வாங்கி ஆண்டுக்கணக்கில் போடு. நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்து. வெயிலில் வைத்துத் தோலை வெடிக்க விடாதே. வாரம் ஒருமுறை துடைத்துப் பாலிஷ் போடு. பராமரித்த பழைய ஷூவுக்கு முன்னால் அழுக்கான புது ஷூ நிற்காது.

துணியிலும் அப்படியே. சுடிதாரை வாங்குமுன் உட்புறத்தைத் திருப்பு. பிரித்துப் பெரிதாக்கத் துணி விட்டிருக்கிறார்களா? ஓரம் ஓவர்லாக் போட்டிருக்கிறதா? பக்கவாட்டுத் தையலில் கோடும் பூவும் ஒட்டிச் சேர்கின்றனவா? நனைந்த வெள்ளைக் கைக்குட்டையால் ஓர் ஓரத்தைத் தேய். சாயம் ஒட்டினால் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடு. பருத்தி என்று சொன்னால் வீட்டுக்கு வந்து ஓர் இழையைக் கொளுத்திப் பார். பருத்தி காகிதமாய் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும். இந்த அறிவை எந்தப் பணக்காரக் கடையும் உனக்கு விற்க முடியாது.

பிறகு ரகசியத்தில் பெரிய ரகசியம்: உடம்புக்குப் பொருந்துவதுதான் அழகு. எளிய ரெடிமேட் சட்டையைத் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்துத் தோளையும் இடுப்பையும் பிடிக்கச் சொல். கூலி சொற்பம், தோற்றம் வேறு. மூன்று நிறத்துக்கு மேல் ஒரே நேரத்தில் உடம்பில் ஏற்றாதே. இது நான் சொல்லும் விதி இல்லை. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டு பிராஸாவில் நகரத்தில் "சாப்பர்கள்" என்று ஒரு கூட்டம் உண்டு. புழுதித் தெருவில் பளிச்சென்ற கோட்டும் மின்னும் ஷூவுமாக இளவரசர்கள்போல் நடக்கிற சாதாரண உழைப்பாளிகள். அவர்கள் விதி இது. வறுமை என் முதுகை வளைக்காது என்கிற அந்த நடையை எடுத்துக்கொள். ஒரு ஜோடி ஷூவுக்காகப் பல மாத வருமானத்தைக் கொட்டுகிறவர்களும் அவர்களில் உண்டு. அதை மட்டும் விட்டுவிடு.

எங்கே வாங்குவது? மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. பண்டிகை நெரிசலில் போகாதே. காலையில் கடை திறக்கும் நேரத்தில் போ. விற்பவருக்கும் பொறுமை இருக்கும், உனக்கும் பார்த்து எடுக்க இடம் இருக்கும். பாண்டி பஜாரின் அகலமான நடைபாதை வளாகம் 2019-ல் திறந்தது. காசு செலவழிக்காமலே ஒரு மாலை முழுக்க நடந்து, யார் எதை எப்படி உடுத்துகிறார்கள் என்று பார்த்துப் படிக்கலாம். வளையல், தோடு, கவரிங், ஒட்டுப்பொட்டு என்றால் சௌகார்பேட்டைத் தங்கசாலைத் தெரு. துணி மொத்தமாக எடுக்க ஜார்ஜ் டவுன் கோடவுன் தெரு. நாலு தோழிகள் சேர்ந்து ஒரு கட்டாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பட்டுக்கு நீ காஞ்சிபுரம்வரை ஏங்க வேண்டியதும் இல்லை. நம் சாலை போய்ச் சேருமிடத்தில் ஆரணி இருக்கிறது. வழியில் ஒண்ணுபுரத்தில் தறி ஓடுகிறது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, கனம் குறைவு, விலையும் கைக்கடக்கம். கைத்தறி என்றால் 1935 முதல் நிற்கிற கோ-ஆப்டெக்ஸ். தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி. "கனவு நனவு" என்று மாதச் சேமிப்புத் திட்டமும் வைத்திருக்கிறார்கள். நீ கட்டும் தவணைகளோடு கடைசித் தவணையை நிறுவனமும் சேர்த்துப் போடும். கடன் வாங்கி வட்டி கட்டுகிறவளுக்குப் புடவை விலை ஏறும். சேர்த்து வைத்து வாங்குகிறவளுக்கு இறங்கும். எந்தப் பக்கம் நிற்பது என்று நீயே முடிவு செய்.

இன்னொரு வார்த்தை. அந்தக் கடையில் உனக்குப் புடவை விரித்துப் போடுகிற பெண்ணைக் கண்டு பயப்படாதே. அவளும் எங்கோ ஒரு கிராமத்திலிருந்து வந்த உன் தங்கைதான். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவளுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-ல்தான். அவளிடம் அதட்டாமல் பேசு, கூசாமல் கேள். வேண்டாமென்றால் நன்றி சொல்லி எழுந்திரு. வாங்காமல் திரும்புவது குற்றம் இல்லை.

உன் நிறம் குறை இல்லை

இப்போது நெருப்பாகச் சொல்கிறேன், கேள். கறுப்பு, அழகுக்கு எதிரி இல்லை. கறுப்பைத் துடைத்துத் தருகிறேன் என்று வருகிற டப்பாதான் உன் எதிரி. 1975-ல் வந்த "ஃபேர் அண்ட் லவ்லி" அரை நூற்றாண்டுக்கு நெருக்கமாக இந்த நாட்டின் பெண்களிடம் வெளுப்புதான் விலாசம் என்று விற்றது. கேள்விகள் கிளம்பின. சென்னையிலிருந்து 2009-ல் "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" இயக்கம் எழுந்தது. 2020-ல் அந்தக் களிம்பு தன் பெயரிலிருந்த வெளுப்பையே எடுத்துவிட்டது. கம்பெனியே பெயரை மாற்றிக்கொண்ட பிறகு நீ ஏன் இன்னும் கண்ணாடி முன்னால் அழுகிறாய்?

பெயரில்லாத பெட்டிகள் இன்னும் கொடியவை. ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் ஒரு வாரம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும், பரு கிளம்பும், வெயில் பட்டால் எரியும். அதனால்தான் 2018-ல் மத்திய அரசு அப்படிப்பட்ட களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்றது. கேரளத்தின் மலப்புரத்தில் வெளுப்புக் களிம்பில் இருந்த பாதரசம் சிலரின் சிறுநீரகத்தையே தாக்கியதை 2023-ல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். முகத்துக்குப் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றது! சிட்டிகை வெளுப்புக்கு உயிரையா விலை கொடுப்பாய்?

முகத்தில் பருவோ படையோ வந்தால் கடைக்காரர் சொல்லும் டியூப் வேண்டாம். நம் பக்கத்திலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தோல் மருத்துவரைப் பார். பார்லருக்குப் போக ஆசையா, போ. புருவம் திருத்து, முடி வெட்டிக்கொள். விலைப்பட்டியலை முதலில் கேள். "மேடம், ஸ்கின் ரொம்ப டல்லா இருக்கு" என்று பயமுறுத்தி நாலு ஃபேஷியலைத் தலையில் கட்டப் பார்த்தால், "கேட்டதை மட்டும் செய்யுங்கள்" என்று சொல். மற்றதெல்லாம் உன் வீட்டில் இருக்கிறது. தலைக்கு எண்ணெய், உடம்புக்குத் தண்ணீர், கண்ணுக்குத் தூக்கம். இந்தப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் ஒரு காலத்தில் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையில். அந்தச் செடியின் மஞ்சள் பூவைத்தான் உன் பாட்டி உலர்த்திக் குளியல்பொடியில் சேர்த்தாள். ரோட்டோரம் பூத்துக் கிடக்கிறது.

பசை வாசனையிலும் தையல் மெஷின் சத்தத்திலும் பத்து விரலும் காய்த்துப்போன கையை மறைக்காதே. இரவில் தேங்காயெண்ணெய் தடவு, நகத்தைச் சீராக வெட்டு, பிடித்தால் சிவப்பாகச் சாயம் பூசு. அந்தக் கை சம்பாதித்த கை. அதற்கு மேல் ஒரு நகை இல்லை.

இலைக்கு முன்னால் கூச்சம் எதற்கு?

சாப்பாட்டில் உனக்கு யார் பாடம் சொல்வது? ஆம்பூர் பிரியாணியின் வாசனையில் வளர்ந்தவன் நீ. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் விளைகிற மாவட்டம் உன்னுடையது. உன் நாக்கு படித்த நாக்கு. அந்த நாக்கோடு நகரத்துக்குப் போ.

ஒரு நாள் சென்னைக்குப் போனால் ஒரு வேளை எளிமை, ஒரு வேளை கொண்டாட்டம் என்று வை. காலையில் அம்மா உணவகம். 2013-ல் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று வைத்தார்கள். அங்கே தட்டேந்தி நிற்பதில் ஓர் இழுக்கும் இல்லை. மக்கள் பணத்தில், பெண்கள் சமைக்கிற சோறு. அங்கே மிச்சப்பட்ட காசுதான் உன்னை இன்னொரு வேளை ராஜாவாக உட்கார வைக்கும்.

அந்தக் காசோடு எங்கே உட்காருவது? திருவல்லிக்கேணியில் 1948 முதல் நடக்கும் ரத்னா கஃபேயில் இட்லி சாம்பாரில் மிதக்கும். கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அண்ணா சாலையில் 1951 முதல் இருக்கிற புஹாரியில்தான் சிக்கன் 65 பிறந்ததாகச் சொல்வார்கள். நாலு பேர் போய் ஒரு தட்டு வாங்கிப் பகிருங்கள். பாரிமுனைப் பக்கம் பர்மா பஜார் எதிரே தள்ளுவண்டியில் அத்தோ என்ற நூடுல்ஸ். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர்கள் தங்களோடு கொண்டுவந்த ருசி அது. கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்தவர்கள் ஒரு வண்டியை வைத்து நகரத்துக்கே புது உணவு கொடுத்தார்கள். அதைத் தின்னும்போது வயிறு மட்டும் நிறையாது, துணிவும் வரும். பிறகு சௌகார்பேட்டைக் கச்சோரி, மெரினாச் சுண்டல், மயிலாப்பூர் மாடவீதி பஜ்ஜி. எதுவும் உன் சம்பளத்தைத் தின்றுவிடாது.

ஏசி ஓட்டலில் உட்கார ஆசையா? உட்கார். இரவில் போகாமல் மதியம் போ. பல இடங்களில் மதியச் சாப்பாடு குறைந்த விலைக்குக் கிடைக்கும். மெனு கார்டை வாங்கி முதலில் வலப்பக்கத்து விலையைப் படி. சூப்பை "ஒன் பை டூ" கேள். பாட்டில் தண்ணீரை மேஜையில் வைத்தால், "சாதாத் தண்ணி கொடுங்க அண்ணா" என்று சொல். முள்கரண்டி பிடிக்கத் தெரியாதா? கையைக் கழுவிவிட்டுக் கையால் சாப்பிடு. கோடீஸ்வரத் தமிழனும் அப்படித்தான் சாப்பிடுகிறான். பில் வந்தால் வரியைப் பார். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். "சர்வீஸ் சார்ஜ்" என்று தனியாகப் போட்டிருந்தால், அது கட்டாயமில்லை. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025-ல் உறுதி செய்துவிட்டது. எடுத்துவிடுங்கள் என்று அமைதியாகச் சொல். பரிமாறிய தம்பியின் கையில் உன்னால் முடிந்ததை மனமாரக் கொடு. சட்டம் தெரிந்து பேசுகிறவளை எந்த மேஜையும் மட்டமாகப் பார்க்காது.

கடன் தொட்ட அழகு கருகும்

இவ்வளவும் சொன்னது ஒரு நிபந்தனையோடு. ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காமல் செய். வாரக் கட்டுக் குரூப் லோனை எடுத்துப் புடவை வாங்காதே. கைப்பேசிச் செயலியில் ஐந்து நிமிடத்தில் வருகிற கடனில் ஷூ வாங்காதே. அது உன் உறவுக்காரர்களின் எண்ணையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உன் மானத்தை ஏலம் போடும். தவணையில் வாங்கிய சட்டை உன் தோளில் கிடந்தாலும், கடன் தீரும் வரைக்கும் அது உன்னுடையது இல்லை.

சம்பளம் வந்த அன்றே மூன்றாகப் பிரி. வீட்டுக்கு ஒரு பங்கு. சேமிப்புக்கு ஒரு பங்கு. தபால் ஆபீஸில் மாதம் 100 ரூபாயிலேயே ஆர்.டி. தொடங்கலாம். மூன்றாவதாக, சிறியதாக இருந்தாலும், உனக்கென்று ஒரு பங்கு. அதை யாருக்கும் கணக்குச் சொல்லாதே, யாரிடமும் கூசாதே. அந்தப் பங்கு தீர்ந்துவிட்டால் அடுத்த மாதம்வரை காத்திரு. காத்திருந்து வாங்கியதை நீ கிழியும்வரை போடுவாய்.

செலவைக் குறைக்க வழி உன் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஊரிலும் ஏறலாம், சென்னையிலும் ஏறலாம். சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மெண்ட் வரை ஓடிய மெமு ரயிலை 2024 மே மாதத்தில் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். நம் பக்கத்துத் தண்டவாளத்தில் விடியுமுன் வருகிறது, காலையில் சென்னையில் இறக்கிவிடுகிறது, மாலையில் திரும்பப் புறப்படுகிறது. டிக்கெட் ஒரு சினிமாவுக்கு ஆகிற செலவுகூட இல்லை. கடற்கரை நிலையத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் மாம்பலம். நேரத்தை ஒருமுறை விசாரித்துக்கொள். இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொள்.

அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. மகள் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு நிற்கும்போது "யாருக்குக் காட்ட?" என்று கேட்காதீர்கள் அம்மா. அவள் தனக்காகத் தீட்டிக்கொள்கிறாள். மாதம் முழுக்க உழைத்து வீட்டுக்குக் கொடுக்கிற பிள்ளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் காசில் தனக்குப் பிடித்ததை உடுத்திப் பிடித்ததைச் சாப்பிட்டால் குடும்பம் கெடாது. மனம் வாடிய பிள்ளையின் உழைப்பில்தான் குடும்பம் கெடும்.

தைப்பவள் மட்டுமா நீ?

கடைசியாக ஒன்று. சென்னைக்கு வாங்க மட்டும் போகாதே, கற்கவும் போ. கிண்டியில் 1957 முதல் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அடையாறில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தரமணியில் 1995 முதல் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அந்த வாசல்களையும் ஒரு நாள் போய்ப் பார். யாரோ வரைந்து அனுப்பிய மாடலை இத்தனை காலம் தைத்தோம். அந்த மாடலை வரைகிற கை இந்த மண்ணிலிருந்து எழக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கடைக் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளையும் இரண்டு கேள்வியோடு பார்: இதை எப்படிச் செய்தார்கள்? இதைவிட நன்றாக நான் செய்ய முடியுமா? இந்த இரண்டு கேள்வி கேட்கிறவளுக்கு நகரமே பள்ளிக்கூடம்.

தங்கச்சி, தம்பி, உன் உழைப்பு உயர்ந்தது என்றால் உன் வாழ்வும் அழகாக இருக்க வேண்டும். சம்பளம் சிறியதாக இருக்கலாம். உன் ரசனையைச் சிறிதாக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. கடன் வாங்காதே, நிறத்துக்கு அழாதே, விலை கேட்கக் கூசாதே, உரிமையை விட்டுக்கொடுக்காதே. வருகிற சம்பளத்தில் உனக்கென்று ஒரு பங்கை இன்றே எடுத்து வை. அடுத்த விடுமுறைக்குத் தலைசீவி, செருப்பைத் துடைத்து, நிமிர்ந்து ரயில் ஏறு.